பீரங்கிப் படை வரை வந்த பெண்கள், காலாட்படை வாசலில் நிற்பது ஏன்?

2023 ஏப்ரல் 29 அன்று சென்னை பரங்கிமலையில், அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் நிறைவு அணிவகுப்பு முடிந்ததும், வழக்கம்போலக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தேடி வந்தன. புதிய அதிகாரியின் தோளில் நட்சத்திரங்களை மூடியிருக்கும் சிறு துணியைப் பெற்றவர்கள் கையால் விலக்குவது அங்கே ஒரு சடங்கு. அன்று அந்தத் துணி விலகிய தோள்களில் ஐந்து, பீரங்கிப் படைக்குப் போகும் பெண்களுடையவை. இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படையில் பெண் அதிகாரிகள் சேர்ந்தது அதுதான் முதல் முறை.

இதே அகாடமியில் பெண்கள் முதன்முதலாகப் பயிற்சிக்குச் சேர்ந்தது 1992 இல். பரங்கிமலையிலிருந்து பீரங்கிக்குப் போய்ச் சேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. விமானப்படையில் பெண்கள் போர் விமானம் ஓட்டுகிறார்கள். கடற்படையில் 2023 இறுதியில் ஒரு பெண் அதிகாரி போர்க்கப்பல் ஒன்றின் கட்டளைப் பொறுப்புக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். தரைப்படையில் மட்டும் மூன்று கதவுகள் மூடியே இருக்கின்றன: காலாட்படை, கவச வண்டிகளில் போய்ச் சண்டையிடும் இயந்திரக் காலாட்படை, டாங்கிகளை இயக்கும் கவசப் படை. எதிரியை நேருக்கு நேர் சந்திப்பதே வேலையாகக் கொண்ட பிரிவுகள் இவை. ராணுவத்தின் உச்சப் பதவிகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் வருவதும் போரிடும் பிரிவுகளிலிருந்துதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த விவாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

"பெண்களைப் போர்முனைக்கு அனுப்பலாமா?" என்றுதான் கேள்வி எப்போதும் கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வியே பழுதானது என்பது என் எண்ணம். பெண்கள் போர்முனைக்கு எப்போதோ போய்விட்டார்கள். 1999 இல் கார்கில் போரின்போது, குஞ்ஜன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டர்களில் அந்த மலைகளுக்கு மேல் பறந்து, காயம்பட்ட வீரர்களை இறக்கிக் கொண்டுவந்தார்கள். அப்போது பெண் விமானிகளுக்குப் போர்ப் பணி கிடையாது. விதிப்படி அவர்கள் செய்தது துணைப் பணி. கீழே எதிரியிடம் இருந்த ஏவுகணைக்கு அந்த விதி தெரியாது.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகத்துக்குள் பயங்கரவாதிகளின் கார் நுழைந்தபோது, அவர்களை முதலில் சந்தேகித்து எச்சரிக்கை கொடுத்தவர்களில் ஒருவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் கான்ஸ்டபிள் கமலேஷ் குமாரி. 1986 இல் தொடங்கப்பட்ட 88 ஆவது மகளிர் பட்டாலியனைச் சேர்ந்தவர். அவர் கையில் துப்பாக்கி இல்லை, வயர்லெஸ் கருவி மட்டுமே இருந்தது. கத்தி எச்சரித்துக்கொண்டே ஓடியவரைச் சுட்டுக் கொன்றார்கள். அசோக சக்கரம் அவருக்கு இறந்த பிறகு வழங்கப்பட்டது. காபூலில் 2010 பிப்ரவரியில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதி தாக்கப்பட்டபோது, ஆயுதம் இல்லாமலே ஓடிப்போய் இடிபாடுகளிலிருந்து ஆட்களை மீட்டவர் ராணுவக் கல்விப் பிரிவின் அதிகாரி மிதாலி மதுமிதா. சேனா பதக்கம் கொடுத்தார்கள். நிரந்தரப் பணிக்காக அவரும் வழக்காடத்தான் வேண்டியிருந்தது.

ஆக, பெண் உடல் குண்டடி படக்கூடாது என்ற கரிசனம் இந்த விதிகளால் ஒருநாளும் நிறைவேறியதில்லை. குண்டு படும் இடத்தில் அவர்கள் இருந்தார்கள். திருப்பிச் சுடும் பயிற்சியும், அந்தச் சண்டையை நடத்தும் அதிகாரமும், சண்டைக்குப் பின் வரும் பதவியும்தான் அவர்களிடம் இல்லை.

அமெரிக்காவில் இது இன்னும் துலக்கமாக வெளிப்பட்டது. அங்கே 1994 இல் வந்த விதி, தரைப்போரில் நேரடியாக ஈடுபடும் அலகுகளில் பெண்களை நியமிக்கத் தடை விதித்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் முன்னணி, பின்னணி என்ற கோடே இல்லாமல் போனது. உணவு ஏற்றிப்போகும் லாரிதான் முதலில் குண்டில் சிக்கியது. வீடுகளைச் சோதனையிடும்போது உள்ளூர்ப் பெண்களிடம் பேசப் பெண் வீரர்கள் தேவைப்பட்டார்கள். தளபதிகள் ஒரு வழி கண்டார்கள்: காலாட்படைக்குப் பெண்களை 'நியமிக்க' மாட்டார்கள், 'இணைத்து' அனுப்புவார்கள். வேலை அதே வேலை, ஆபத்து அதே ஆபத்து, பணிப்பதிவேட்டில் மட்டும் போர் அனுபவம் என்று ஏறாது. 2005 மார்ச்சில் பாக்தாதுக்குத் தெற்கே ஒரு வாகன வரிசை தாக்கப்பட்டபோது எதிர்த்தாக்குதல் நடத்தி வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்ற லீ ஆன் ஹெஸ்டர் ராணுவப் போலீஸைச் சேர்ந்தவர். 2013 இல் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா அந்தத் தடையை நீக்கியபோது, அந்தப் போர்களில் 152 அமெரிக்கப் பெண் வீரர்கள் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். 2015 டிசம்பரில் எல்லாப் பிரிவுகளும் திறக்கப்பட்டன.

இந்தியாவில் தடை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. 1950 ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 12 ஆவது பிரிவு. மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்கள் சேரத் தகுதியில்லை என்கிறது அது. அதாவது, மூடியிருப்பது இயல்பு நிலை, திறப்பதற்குத்தான் அறிவிப்பு வேண்டும். 1992 இல் வந்த அறிவிப்புகள் தபால், சட்டம், கல்வி, தளவாடம் போன்ற பிரிவுகளில் தொடங்கி சிக்னல், பொறியியல், உளவு என்று விரிந்தன. அதுவும் ஐந்தாண்டுப் பணியாக. பிறகு பத்து, பிறகு பதினான்கு என்று நீண்டது. ஆண் அதிகாரி அதே குறுகிய காலப் பணியில் சேர்ந்தால், தகுதி பார்த்து நிரந்தரமாக்கிக்கொள்ள வழி இருந்தது. பெண்ணுக்கு இல்லை. அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்க இருபது ஆண்டுகள் பணி செய்திருக்க வேண்டும். பதினான்காம் ஆண்டில் வீட்டுக்கு அனுப்பப்படும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். வயது நாற்பதை நெருங்கியிருக்கும், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், ஓய்வூதியம் கிடையாது, வெளியே போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இதை எதிர்த்து 2003 இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் வழக்கறிஞர் பபிதா புனியா. 2010 மார்ச்சில் தீர்ப்பு பெண்களுக்குச் சாதகமாக வந்தது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2020 பிப்ரவரி 17 அன்று வந்தது. அப்போது ராணுவத்தில் இருந்த பெண் அதிகாரிகள் 1,653 பேர், மொத்த அதிகாரிகளில் நான்கு சதவீதம்.

அந்த வழக்கில் அரசுத் தரப்பு எழுதிக்கொடுத்த வாதங்களில் ஒன்றைப் பலர் மறக்கவில்லை. ஜவான்கள் பெரும்பாலும் கிராமப்புறத்திலிருந்து வருகிறவர்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க அவர்கள் மனத்தளவில் இன்னும் பழகவில்லை என்பது அது. 2018 டிசம்பரில் அன்றைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத்தும் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதே கருத்தைச் சொல்லியிருந்தார்.

எனக்கு இந்த வாதம் கிராமத்து ஆண்களையும் சேர்த்தே சிறுமைப்படுத்துவதாகப் படுகிறது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். அப்படிப்பட்ட வீடுகளை ஆண்டின் பெரும்பகுதி யார் நடத்துகிறார்கள்? நிலத்தைப் பார்த்து, கடன் அடைத்து, மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பங்காளித் தகராறில் முன்னால் நின்று பேசுகிறவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். லீவில் வரும் ஜவான் அவள் போட்டுவைத்த கணக்கைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறான். 1993 முதல் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு, தமிழ்நாட்டில் 2016 முதல் பாதி. ராணுவம் பெண் அதிகாரிகளைச் சேர்க்கத் தொடங்கிய அதே 1992 இல்தான் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அதன் பிறகு எத்தனை மாவட்டங்களில் பெண் எஸ்.பி.க்கள் ஆயிரக்கணக்கான ஆண் காவலர்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள்! அந்தக் காவலர்களும் இதே ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான். சீருடையின் நிறம் மாறினால் கிராமத்தானின் மனம் மாறிவிடுமா?

நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. பாலினம் பற்றிய பழைய முன்முடிவுகளைக் காரணமாகக் காட்டிச் சமவாய்ப்பை மறுக்க முடியாது என்றது. பெண்கள் சேர்க்கப்பட்டிருந்த பத்துப் பிரிவுகளிலும் நிரந்தரப் பணியும், கட்டளைப் பதவிகளுக்குப் பரிசீலனையும் தர உத்தரவிட்டது. காலாட்படை, கவசப் படை பற்றி நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை, அது வழக்கிலும் இல்லை. அடுத்த மாதமே கடற்படைக்கும் இதுபோன்ற தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு வந்துவிட்டது என்று அப்போது எல்லோரும் கொண்டாடினோம். உண்மையான பாடம் அடுத்த ஆண்டு வந்தது, அதைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

ராணுவத்தில் உடல்தகுதியை ஐந்து எழுத்தால் குறிக்கிறார்கள், சேர்த்துப் படித்தால் 'ஷேப்'. மனநலம், செவித்திறன், கைகால்கள், உடல் வலு, பார்வை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. எல்லாவற்றிலும் முதல்நிலை இருந்தால் 'ஷேப் 1'. ஆண் அதிகாரிக்கு நிரந்தரப் பணிக்கான பரிசீலனை நடப்பது பணியின் ஐந்தாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டுக்குள், ஏறக்குறைய 25 முதல் 30 வயதில். அந்த வயதில் 'ஷேப் 1' இருப்பது இயல்பு. அதன் பிறகு அவருக்கு முட்டி தேய்ந்தாலும் ரத்த அழுத்தம் வந்தாலும் நிரந்தரப் பணி போய்விடாது. பெண்களுக்கோ அந்த வயதில் பரிசீலனையே நடக்கவில்லை. நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, 40, 45, சிலர் 50 வயதை நெருங்கும்போது, அவர்களை அழைத்து அன்றைய தேதியில் 'ஷேப் 1' காட்டச் சொன்னார்கள்.

இன்னொன்று, ஆண்டு ரகசிய அறிக்கை. மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் மதிப்பீடு. பதினான்கு ஆண்டில் போகப்போகிறவர் என்று தெரிந்த ஒருவருக்கு யார் கவனமாக அறிக்கை எழுதுவார்கள்? பதவி உயர்வுக்கு உதவும் படிப்புகளுக்கும் பணியிடங்களுக்கும் போட்டி போடுகிறவர்களுக்குத்தான் நல்ல மதிப்பெண்ணை அளந்து தருவார்கள். நிரந்தரப் பணி வாய்ப்பே இல்லாத காலத்தில் அலட்சியமாக எழுதப்பட்ட அந்த அறிக்கைகளை எடுத்து, ஆண் அதிகாரிகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டார்கள்.

2021 மார்ச் 25 அன்று, லெப்டினன்ட் கர்னல் நித்திஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றே சொன்னது. எல்லோருக்கும் ஒரே விதி என்று தோற்றம் காட்டும் ஒன்று, நடைமுறையில் ஒரு தரப்பை மட்டும் வெளியே தள்ளும்போது அது மறைமுகப் பாகுபாடு என்று விளக்கியது. நம் சமூகத்தின் அமைப்புகள் ஆண்களால் ஆண்களுக்காகக் கட்டப்பட்டவை என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும் என்றும் எழுதியது.

இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடம் இதுதான். பேச்செல்லாம் தசை வலு, எலும்பு, மாதவிடாய், பதுங்குகுழி என்று பெண்ணின் உடலைச் சுற்றியே நடக்கிறது. அவளை இத்தனை காலம் வெளியே நிறுத்தியவை அரசிதழ் அறிவிப்பும், பணிக்கால விதியும், எந்த வயதில் எந்த அளவுகோலை எடுப்பது என்ற கணக்கும்.

இதற்காக உடல் பற்றிய வாதத்தைத் தள்ளிவிடவும் கூடாது. அதில் உண்மை இருக்கிறது, அதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. சராசரி ஆணின் மேலுடல் வலு சராசரிப் பெண்ணைவிடக் கணிசமாக அதிகம். அமெரிக்க மரீன் படை 2015 இல் ஆண்-பெண் கலப்பு அணிகளையும் ஆண்கள் மட்டுமே கொண்ட அணிகளையும் ஒன்பது மாதம் சோதித்தது. 134 வேலைகளில் 93 இல் ஆண்கள் மட்டுமான அணிகள் சிறப்பாகச் செய்தன. தசை, எலும்பு சார்ந்த காயம் பெண்களில் 40.5 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 18.8 சதவீதம் பேருக்கும் ஏற்பட்டது. காலாட்படை வீரனுக்குச் சுமைதான் வாழ்க்கை. துப்பாக்கி, தோட்டா, தண்ணீர், உணவு, குளிருக்கான உடை என்று முதுகில் முப்பது, நாற்பது கிலோ ஏறும். பதினைந்தாயிரம் அடி உயரத்தில், மூச்சுக்கே காற்று போதாத இடத்தில், அடிபட்ட தோழனை இழுத்து வர வேண்டும். "என்னைத் தூக்கி வர இவளால் முடியுமா?" என்று ஒரு ஜவான் கேட்டால், அந்தக் கேள்வியில் ஆணாதிக்கம் மட்டுமே இருப்பதாக நான் நினைக்கவில்லை. உயிர்பயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மரீன் ஆய்வுக்கு வந்த முக்கியமான மறுப்பு, அது சராசரிகளை ஒப்பிட்டது என்பது. அதில் இருந்த பெண்களில் பலர் பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவர்கள், ஆண்களில் பலர் காலாட்படையிலேயே பணிசெய்தவர்கள். போருக்குச் சராசரி போவதில்லை, ஆட்கள் போகிறார்கள். அதே 2015 இல்தான் இரண்டு பெண்கள், ஆண்களிலேயே பலர் பாதியில் கழன்றுவிடும் அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் போர்ப் பயிற்சிப் பள்ளியை, ஆண்களுக்கான அதே தேர்வுகளில் முடித்து வெளியே வந்தார்கள். பிரிட்டன் 2018 இல் எல்லாப் பிரிவுகளையும் திறந்தபோது தேர்ந்துகொண்ட வழி எனக்கு நியாயமாகப் படுகிறது. முன்னணிப் போர் வீரர் 40 கிலோ சுமையோடு 4 கிலோமீட்டரை 50 நிமிடத்திலும், பிறகு 25 கிலோவோடு 2 கிலோமீட்டரை 15 நிமிடத்திலும் நடந்து முடிக்க வேண்டும். ஆணா, பெண்ணா, வயது என்ன என்று கேட்பதில்லை. வேலைக்கு என்ன தேவையோ அதுவே அளவு. தேறுகிற பெண்கள் குறைவாகவே இருப்பார்கள். இருக்கட்டும். தேறுகிற அந்த ஒரு பெண்ணை நிறுத்திவைக்க, தேறாத தொண்ணூற்றொன்பது பேரைக் காரணம் காட்டக்கூடாது.

அளவைத் தளர்த்திப் பெண்களைச் சேர்ப்பதையும் நான் எதிர்க்கிறேன். நம் ராணுவத்தில் வழக்கமான உடற்பயிற்சித் தேர்வுகளில் பெண்களுக்குத் தனி அளவுகள் இருக்கின்றன. அலுவலகப் பணிக்கு அது பொருந்தலாம். காலாட்படைக்கு அதையே கொண்டுபோனால், உண்மையிலேயே தகுதியோடு வந்த பெண்ணையும் சலுகையில் வந்தவள் என்று பேசுவார்கள், அந்தப் பேச்சு அவள் ஓய்வுபெறும்வரை பின்னால் வரும்.

இங்கே நம் ஊடகங்கள் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. இந்தியத் தரைப்படையில் நாம் பேசும் பெண்கள் ஏறக்குறைய எல்லோருமே அதிகாரிகள். சிப்பாய் நிலையில் பெண்கள் சேர்ந்தது ராணுவப் போலீஸ் பிரிவில் மட்டுமே. 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்த 83 பேர்தான் முதல் அணி. 155 மில்லிமீட்டர் பீரங்கியின் ஒரு குண்டு சுமார் 43 கிலோ. அதைத் தூக்கிப் பீரங்கியில் இடுகிறவர்கள் ஜவான்கள். பரங்கிமலையிலிருந்து போன ஐந்து பேர், எங்கே, எப்போது, எத்தனை சுற்று சுடுவது என்று கணக்கிட்டு உத்தரவிடும் அதிகாரிகள். "பெண் குண்டைத் தூக்குவாளா?" என்று கேட்கும்போது, அதிகாரிகளைப் பற்றிய விவாதத்துக்கு ஜவான்களின் வேலையைச் சான்றாகக் காட்டுகிறோம். அதேபோல, நல்ல குடும்பத்தில் பிறந்து ஆங்கிலத்தில் படித்த பெண் அதிகாரியாகலாம், பத்தாம் வகுப்புப் படித்த விவசாயக் கூலியின் மகள் ராணுவப் போலீஸைத் தவிர வேறெங்கும் சிப்பாயாக முடியாது என்ற நிலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவளுடைய அண்ணனுக்கு ஆள்சேர்ப்பு முகாமில் ஓட இடம் இருக்கிறது.

பேறுகால விடுப்பு பற்றிய வாதம் அடிக்கடி வருகிறது. ஒரு பட்டாலியனின் கட்டளை அதிகாரி ஆறு மாதம் விடுப்பில் போனால் என்ன ஆவது? இருபது, முப்பது ஆண்டுப் பணியில் இது ஒருமுறை, இருமுறை வரும் விஷயம். அதுவும் பெரும்பாலும் கட்டளை அதிகாரி ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துபோய்விடும். 1988 இல் திருமணம் செய்துகொண்டதற்காக ராணுவச் செவிலியர் அதிகாரி ஒருவரை வேலையிலிருந்தே நீக்கினார்கள். அது தவறென்று உச்ச நீதிமன்றம் சொல்லி 60 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில். குழந்தை பற்றிய இன்றைய வாதத்தைக் கேட்கும்போது எனக்கு அந்தக் கல்யாண விதிதான் நினைவுக்கு வருகிறது.

எதிரியிடம் சிறைப்பட்டால் என்னாகும் என்ற அச்சம் வேறு வகை. அதைச் சொல்கிறவர்களின் குரல் பெரும்பாலும் ஒரு தகப்பனின் குரல், அதை மதிக்கிறேன். 1991 வளைகுடாப் போரில் ஹெலிகாப்டர் சுடப்பட்டு, இரு கைகளும் முறிந்த நிலையில் ஈராக்கியரிடம் பிடிபட்ட அமெரிக்க ராணுவ மருத்துவர் ரோண்டா கார்னம் பாலியல் வன்முறைக்கு ஆளானார். விடுதலையான பிறகு அவர் ராணுவத்தை விடவில்லை, பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார். பெண்களின் போர்ப்பணிக்கு எதிராக அந்தக் கொடுமையை எடுத்துக்காட்டியதை அவர் ஏற்கவில்லை. நம் பக்கத்தில் 1999 மே மாதம் கார்கிலில் பிடிபட்ட கேப்டன் சௌரப் காலியாவின் உடல் எந்த நிலையில் திரும்பி வந்தது என்று நமக்குத் தெரியும். அதைப் பார்த்து இனி ஆண்களை அனுப்பக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வேதனையில் ஆண் உடல், பெண் உடல் என்ற பிரிவினை எனக்குத் தெரியவில்லை.

தமிழர்களுக்கு இந்த விவாதம் புதிதும் இல்லை, தொலைவானதும் இல்லை. மேடைகளில் வேலுநாச்சியாரைச் சொல்வார்கள். எனக்கு 1943 இல் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூர் முகாமுக்கு வந்த பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். பால் வெட்டிய கையில் துப்பாக்கி பிடித்துப் பயின்றவர்கள். சென்னையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் பெரும் பகுதி இந்தத் தமிழ்ப் பெண்கள்தான். இம்பால் போர் தோற்றுப்போனதால், முன்னணிச் சண்டைக்கு அனுப்பப்படாமலே பர்மாவிலிருந்து பின்வாங்கினார்கள்.

பிறகு ஈழம். விடுதலைப் புலிகளின் பெண் போராளிகள் 1980 களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை, மரபுப் போரின் பெரும் சண்டைகளிலும் முன்னணியில் நின்றார்கள். மாலதி, சோதியா என்ற பெயர்களில் தனிப் படையணிகள் இருந்தன. பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு அதைவிட முழுமையான பதில் இருக்க முடியாது. அந்தப் பதிலுக்குக் கொடுத்த விலையும் நமக்குத் தெரியும். விருப்பமின்றிக் கொண்டுபோகப்பட்ட சிறுமிகளைப் பற்றி ஐ.நா. அமைப்புகள் பதிவுசெய்திருக்கின்றன. 1991 இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது ஒரு பெண்ணின் உடலையே வெடிகுண்டாக்கிய செயல். போர் முடிந்து தடுப்பு முகாம்களிலிருந்து வன்னிக்குத் திரும்பிய பெண்களில் பலர், கையோ காலோ இழந்து, உடலில் உலோகச் சிதறலோடு, கண்காணிப்புக்கு இடையில் வாழ்ந்தார்கள். முன்பு வீரத்துக்குக் கைதட்டிய அதே சமூகம், இவளை யார் கட்டுவது என்று கேட்டது.

ஆயுதம் கொடுப்பதையே உரிமை கொடுப்பது என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்கு இதைத்தான் சொல்வேன். தானாக விரும்பிச் சேரவும், விலக நினைத்தால் விலகவும், அடிபட்டால் மருத்துவமும், வயதானால் ஓய்வூதியமும், மேலதிகாரி அத்துமீறினால் முறையிட நீதிமன்றமும் இருக்க வேண்டும். ஓர் அரசின் ராணுவத்தால் இவற்றைத் தர முடியும். பபிதா புனியா, நித்திஷா வழக்குகள் எனக்குப் பெரிதாகத் தெரிவதும் அதனால்தான்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2023 இல் 108 பெண் அதிகாரிகள் கர்னல் பதவிக்குத் தேர்வானார்கள், சிலருக்கு அலகுகளின் கட்டளைப் பொறுப்பும் வந்தது. 2024 இல் மூத்த தளபதி ஒருவர் தன் கீழ் இருந்த எட்டுப் பெண் கட்டளை அதிகாரிகளைப் பற்றிக் குறைகூறி எழுதிய கடிதம் வெளியானது. குறைகள் இருந்திருக்கலாம். எட்டுப் பேரை வைத்து ஒரு பாலினத்தையே எடைபோட முடியாது என்பது ஒருபுறம். ஆண் அதிகாரியை இளம் லெப்டினன்ட்டாக இருக்கும்போதிலிருந்தே ஒருநாள் நீ கட்டளையிடப் போகிறாய் என்று வளர்க்கிறார்கள். இந்தப் பெண்களிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக உனக்கு அந்த வேலை வராது என்றே சொல்லிவந்தார்கள், பிறகு திடீரென்று நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

2025 மே 7 காலை ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்கியவர்கள் கர்னல் சோஃபியா குரேஷியும் விங் கமாண்டர் வியோமிகா சிங்கும். குரேஷியின் பெயர் 2020 தீர்ப்பிலேயே, பெண்களால் என்ன முடியும் என்பதற்குச் சான்றாக இடம்பெற்றிருந்தது. அதே 2025 ஆகஸ்டில், ராணுவச் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று இடம் என்று ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதிக மதிப்பெண் பெற்ற பெண்களைத் தாண்டி, குறைந்த மதிப்பெண் பெற்ற ஆண்கள் தேர்வாகியிருந்தார்கள். வாதாடும் வேலைக்கு நாற்பது கிலோ சுமக்க வேண்டியதில்லை. அங்கேயும் தடை இருந்தது.

வெளியே பார்த்தால், கனடா 1989 இலேயே தரைப்போர்ப் பணிகளைத் திறந்தது. ஆப்கானிஸ்தானில் 2006 இல் கொல்லப்பட்ட அதன் கேப்டன் நிக்கோலா கோடார்ட், பீரங்கிக்கு இலக்குக் காட்டும் முன்னணி அதிகாரி. நார்வே கட்டாய ராணுவப் பணியையே ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்கியது. அமெரிக்காவிலோ காற்று திரும்புகிறது. 2025 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் பீட் ஹெக்செத் போர்ப்பணிகளுக்கு ஆண்களுக்கான உயர்ந்த அளவே இனி எல்லோருக்கும் என்றார், அதனால் சில பணிகளில் பெண்களே இல்லாமல் போனாலும் சரி என்றார். ஒரே அளவு என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த அளவு வேலையின் தேவையிலிருந்து வருகிறதா, யாரையாவது வெளியேற்றும் ஆசையிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கே, 2021 இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டதால் தேசிய பாதுகாப்பு அகாடமியின் தேர்வைப் பெண்களும் எழுதினார்கள். 2022 இல் அந்த அகாடமி இருக்கும் கடக்வாஸ்லாவுக்குள் போன முதல் பெண்களில் 17 பேர் 2025 மே 30 அன்று, முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களோடு ஒரே அணிவகுப்பில் வெளியே வந்தார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் ஒரே மைதானத்தில் ஓடி, ஒரே வகுப்பில் போர்க்கலை படித்தவர்கள். தரைப்படைக்குப் போகும் ஆண்களிடம் எந்தப் பிரிவு வேண்டும் என்று விருப்பம் கேட்கும்போது, பலர் முதலில் எழுதுவது காலாட்படையை. அவர்களோடு படித்த பெண்களுக்கு அதை எழுத இன்னும் இடம் தரப்படவில்லை.